காலி பாட்டிலுக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாட்டிலிலிருந்து வந்தது.

ஊற்று நீரும் குளிர்பானமும் அடைத்து விற்கும் ஒரு கம்பெனியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பா அங்கே முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அத்தை இருபத்தொன்பது. அம்மா, கல்யாணம் ஆகும் வரை. "உங்க பொண்ணு எப்பப் பாத்தாலும் புஸ்தகமும் கையுமா இருக்குமே, அதையே எழுதச் சொல்லுங்களேன்" என்றாராம் முதலாளியம்மா. சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் சமைக்கவும் வரும் என்று நினைக்கிற ரகம். ஆனாலும் சரியென்றேன்.

நான் அதிகம் படிப்பது மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் யாராவது ஒருவர் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் 'கனிம நீர்' கேட்பார். வரும். குடிக்க மாட்டார். இரண்டு பக்கத்துக்கு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்; அதற்குள் அவருடைய கல்யாணம் முறிந்துவிடும். அந்த பாட்டிலை யார் கழுவினார்கள், யார் நிரப்பினார்கள் என்று எந்த நாவலும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதைச் செய்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கம்பெனியின் காட்சியறையில் பழைய மூடிகள், பழைய லேபிள்கள், ஒரு கை பம்பு. கடைசி அலமாரியில், மூடி போட்டது போட்டபடி, உள்ளே ஒரு சொட்டுகூட இல்லாமல், ஒரு பாட்டில். அதன் கீழே ஓர் அட்டை:

'இப்பாட்டில் ஓர் ஊழியரின் கண் குறைபாட்டால் பரிசோதனையைக் கடந்து, காலியாகவே விற்பனைக்குச் சென்றது.'

அந்த ஊழியர் என் அத்தை. இதே வரியை மலரிலும் போட வேண்டும் என்பது உத்தரவு.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

'மலையின் மடியில், கற்களின் மௌனத்தில், காலத்தின் தாகம் தீர்க்க ஓர் ஊற்று...' (முதலாளியம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மலரில் அப்படியே இருக்கிறது. இங்கே வேண்டாம்.)

'அவள் விளக்கின் முன் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி' (இந்தக் கதையில் பனி பெய்யாது. படித்த தோஷம்.)

'என் அத்தையின் கண்ணில் எந்தக் குறையும் கிடையாது. அப்படியானால்'

மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை. அதனால் கொஞ்சம் வரலாறு.

3

கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு மருந்துக் கடைக்காரர். வயிற்றுக்கோளாறு என்று வருபவர்களுக்குப் பொடி கொடுத்து, மலையடி ஊற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வார். கொஞ்ச நாளில் ஆட்கள் பொடியை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். கடையில் மிஞ்சிக் கிடந்த இருமல் மருந்து பாட்டில்களைக் கழுவி அதில் அடைத்தார். பாட்டில் பழுப்பு நிறம் என்பதால், உள்ளே இருப்பதும் மருந்துதான் என்று ஊர் நம்பியது. அவர் மறுக்கவும் இல்லை.

அவருடைய மகன் அதில் சர்க்கரையும் வாயுவும் சேர்த்தார். மூன்று நிறம்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் எலுமிச்சை. ஆரஞ்சு ஆரஞ்சு. சிவப்பு என்ன பழம் என்று கேட்டால் விற்பனையாளர் "நல்ல பழம்" என்பாராம். பிறகு பெரிய கம்பெனிகள் பெரிய லாரிகளில் வந்தன. மஞ்சளும் ஆரஞ்சும் போயின. சிவப்பை இன்னும் நாலைந்து கடைகளில் பிடிவாதமாகக் கேட்டு வாங்குகிறார்கள். மகனுடைய மகள்தான் இப்போதைய முதலாளியம்மா. அவர் மறுபடியும் தண்ணீருக்கே வந்துவிட்டார், பிளாஸ்டிக் பாட்டிலில்.

நம் கதை நடப்பது மகன் காலத்தில், மூன்று நிறங்களோடு வெறும் ஊற்று நீரும் தனியாக அடைக்கப்பட்டபோது, அந்தத் தண்ணீர் வரிசையில். கண்ணாடி பாட்டில்கள் கடைக்குப் போய், காலியாகித் திரும்பி வந்து, கழுவப்பட்டு, நிரப்பப்பட்டு, மூடி அடிக்கப்பட்டு, கடைசியாக ஒரு விளக்கைக் கடந்து போன காலம்.

4

விளக்கைப் பற்றிச் சரியாகச் சொல்லியாக வேண்டும். முழுக் கதையும் அதன் முன்னால்தான் நடக்கிறது.

இருட்டான ஓர் அறை. நடுவில் ஒரு பெல்ட். பெல்ட்டுக்குப் பின்னால் பால் வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் விளக்கு. பரிசோதிப்பவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தகரச் சட்டத்தில் வெட்டிய ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பாட்டில்கள் வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாகப் போகும். இருபது நிமிஷம் பார்த்தால் இருபது நிமிஷம் ஓய்வு. அதற்கு மேல் பார்த்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது.

வெளியே எடுத்த பாட்டிலை வைக்க ஸ்டூலின் காலடியில் மூன்று பெட்டிகள் இருந்தன. தூசியோ நாரோ தெரிந்தால் முதல் பெட்டி: கழுவும் பகுதியின் தப்பு. விரிசல் என்றால் இரண்டாவது: யார் தப்பும் இல்லை. தண்ணீர் குறைவு என்றால் மூன்றாவது: நிரப்பும் மெஷின்காரரின் தப்பு. மூன்றாவது பெட்டியில் பாட்டில் விழுந்தால் மேஸ்திரி அப்போதே எழுந்து நேராக மெஷினுக்குப் போவார்.

இன்னும் ஒன்று. சரியாக நிரம்பிய பாட்டிலில் தண்ணீரின் மேல்கோடு கழுத்தில் இருக்கும். அதைத் தகரச் சட்டம் மறைத்துவிடும். குறைவாக நிரம்பினால் கோடு இறங்கி ஜன்னலில் தெரியும். அதனால் பழகிய கண் தேடுவது கோட்டை. கோடு தெரிந்தால் எடு, தெரியாவிட்டால் விடு.

அறவே காலியான பாட்டிலில் கோடே கிடையாது. தூசியும் கிடையாது. விளக்குக்கு முன்னால் அதைவிடச் சுத்தமான பாட்டில் இருக்க முடியாது.

5

இனி அத்தையை 'அவள்' என்றே எழுதுகிறேன். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. எனக்கு இப்போது இருபத்தாறு. என்னைவிடச் சின்னவளை அத்தை என்று எழுதப் பேனா வரவில்லை.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். (நாவல்களில் இந்த இடத்தில் ஒரு நினைவு வரும். அவளுக்கு எதுவும் வரவில்லை. விளக்குக்கு முன்னால் நினைத்துக்கொண்டிருந்தால் பாட்டில் போய்விடும்.) நெற்றி ஜன்னலின் விளிம்பில் படும். அந்த இடத்தில் தகரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. இரண்டு பாட்டில்களைக் கையால் எடுத்துப் போட்டாள். ஒன்றில் லேபிள் துணுக்கு. ஒன்றில் என்னவென்று தெரியாத கறுப்பு.

பெல்ட்டின் அந்தப் பக்கம், சுவருக்கு அப்பால், நிரப்பும் மெஷினில் அவளுடைய அண்ணன் இருந்தான். அந்த மாதம் அவன் பேரில் இரண்டு முறை மூன்றாவது பெட்டி நிரம்பியிருந்தது. "இன்னொரு தடவைன்னா கேட்டுக்கு வெளியதான்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

பதினோரு மணியிலிருந்து பதினொன்று இருபதுக்குள், அந்த பாட்டில் அவள் முன்னால் போயிற்று.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் அழகுக்காகக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்று. வாடிக்கையாளர் ஒருவர் தாகம் என்று கேட்க, இவர் எடுத்தார். முழு பாட்டில் என்று நினைத்துத் தூக்கிய கை தோள்வரை பறந்துவிட்டதாம். மூடியைத் திறக்காமல் நேரே கம்பெனிக்குக் கொண்டுவந்தார். பெட்டிச் சீட்டில் தேதி, நேரம், பரிசோதித்தவர் எண் மூன்றும் இருந்தன. நிரப்பியவர் எண் இருக்கவில்லை. அதற்கு இடம் விட்டு யாரும் சீட்டு அடிக்கவில்லை.

அவளைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். "உங்களுக்கு என்னம்மா குறை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் மருத்துவர். ஆனால் பதிவேட்டில் காரணம் என்ற கட்டம் ஒன்று இருந்தது. அதில் எதையாவது எழுத வேண்டும். எழுதினார்கள். விளக்கிலிருந்து அவளை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். இருபத்துநாலு வருஷம் ஒட்டினாள்.

அண்ணன் அன்றிலிருந்து அவளை 'நொள்ளக்கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தான். இன்றுவரை அதுதான் பெயர்.*

* பெட்டியில் அடுக்கியவருக்குக் கனம் தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். கழுத்தைப் பிடித்து நான்கு நான்காகத் தூக்குவார்களாம். அத்தை இதற்கு வேறு மாதிரி பதில் வைத்திருக்கிறாள்: "என் கண்ண டாக்டர்கிட்ட காட்டினாங்களே, அவன் கைய ஏண்டி யாரும் டாக்டர்கிட்ட காட்டல?"

6

செவ்வாய்க்கிழமை மலரின் பக்கங்களை அத்தையிடம் கொண்டுபோனேன். அவள் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படித்தாள். பழக்கம்.

"இது என்னடி, கண் குறைபாடு?"

"அட்டையில அப்படித்தான் அத்தை இருக்கு."

"அட்டைய எவன் படிக்கறான்? கை பம்ப அடிச்சுப் பாத்துட்டுப் போயிடறானுங்க. புஸ்தகம் அப்படியா? நாளைக்கு உன் புள்ள படிக்கும். அத்தைப் பாட்டிக்குக் கண்ணு தெரியாதாம்மான்னு கேக்கும்."

"எடுத்துடறேன். ஆனா முதலாளியம்மா ஏதாவது ஒரு காரணம் போட்டே ஆகணும்ங்கறாங்க. வர்றவங்கல்லாம் கேக்கறாங்களாம். நீங்க சொல்லுங்க, அன்னிக்கு என்ன ஆச்சு?"

"என்னத்த ஆச்சு? பாத்தேன். போயிடுச்சு. அவ்வளவுதான்."

நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவளே வரச் சொன்னாள். போனபோது ஸ்டூலில் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்டூலைப் புடி" என்றாள். பிடித்தேன். மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் பாத்தேன்டி."

"எதை?"

"காலியா வந்தத. நல்லாப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"எடுத்து எந்தப் பெட்டியில வைக்கறது?"

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் ஓர் இறக்கையை முடித்துவிட்டாள்.

"மூணாவது பெட்டி உங்கப்பன் பெட்டி. வெச்சா அந்த நிமிஷமே மேஸ்திரி எந்திரிச்சுடுவான். உங்கப்பன் அன்னிக்கே கேட்டுக்கு வெளிய. சரி, தண்ணி இல்லாத பாட்டில், குடிச்சு யாருக்கு வயிறு வலிக்கப் போகுதுன்னு விட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னா அவன் மூஞ்சிய யாரு பாக்கறது? நொள்ளக்கண்ணுன்னு கூப்பிட்டுட்டுச் சிரிச்சிட்டுத் திரியறான். திரியட்டும். இதை எழுதிடாத."

"அப்ப எதைத்தான் எழுதறது?"

"என் கண்ணு நல்லா இருந்துச்சுன்னு எழுது."

"நல்லா இருந்தா எப்படி விட்டீங்கன்னு கேப்பாங்களே."

"அதுக்குத்தானே உன்னை எழுத வெச்சிருக்கு? துணியப் புடி, அலசிக் கொண்டா."

7

இங்கே நான் என் கதாபாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அத்தை மன்னிக்க வேண்டும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு புதன் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை அவள் என்ன செய்தாள்? உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாளா? அல்லது இருபத்தெட்டு வருஷமாக மனசுக்குள் பக்கம் பக்கமாக எழுதி வந்த ஒன்றை அன்றைக்கு எழுதி முடித்தாளா? கவனிக்காமல் விட்டேன் என்பதைவிட, தெரிந்தே விட்டேன் என்பது சுமக்க எளிது. நானாக இருந்தாலும் இரண்டாவதைத்தான் எழுதியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காட்சியறைக்குப் போனேன். பழைய விளக்கையும் பெல்ட்டையும் அங்கே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் ஓட்டிக் காட்டுவார்கள். காவலாளியிடம், இருபது பாட்டில் விடுங்கள், எங்காவது ஒரு காலியைச் சேர்த்துவிடுங்கள் என்றேன். இரண்டு தூசி பாட்டில்களைப் பிடித்தேன். பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"காலி ஒன்பதாவதா போச்சும்மா" என்றார்.

காலி வரப்போகிறது என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். அப்படியானால் செவ்வாய்க்கிழமை அத்தை சொன்னதும் நடந்திருக்கலாம். நல்ல கண்தான், தேடியது வேறு. இரண்டு பதிலுக்கும் அலமாரியில் இருக்கும் பாட்டில் ஒன்றேதான். அது ஒரு பக்கமும் சாயவில்லை.

8

மிச்சம் இருந்தது அப்பா. அவரிடம் அத்தை சொன்னதைச் சொல்லாமல் கேட்க வேண்டும்.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்ட முடியாது. சொட்டினால் அவருக்குத் தூக்கம் வராது.

"அப்பா, அந்தக் காலி பாட்டில் போன அன்னிக்கு மெஷின்ல என்ன கோளாறு?"

"எனக்கென்ன தெரியும்? நான் எங்க மெஷின்ல இருந்தேன்?"

"பின்ன?"

ஸ்பானரால் அம்மாவைக் காட்டினார். "கழுவற பகுதியில. உங்கம்மாகிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசப் போயிருந்தேன். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு வால்வு மாட்டிக்கிட்டு, வந்து பாக்கறேன், தானே விட்டிருந்துச்சு. ஒண்ணு நிரம்பாமப் போயிருக்கும்னு அப்பவே நினைச்சேன்."

"முக்கியமான விஷயமாமா!" என்றாள் அம்மா. "அரை மணி நேரம் நின்னாரு. பேசினது ஒரே வரி. தண்ணி சூடா இருக்கான்னு கேட்டாரு. தொட்டியில ஆவி பறக்குது, இவருக்குச் சந்தேகம்."

"அதுக்கப்புறம் மூணு மாசத்துல கல்யாணம் ஆச்சா இல்லையா?"

"ஆச்சு, ஆச்சு. அந்த ஒரு வரிக்குத்தான்."

அப்பா சிரித்தார். "மேஸ்திரி மட்டும் அப்ப வந்திருந்தா மெஷின்ல ஆளில்லன்னு அன்னிக்கே என்னைத் துரத்தியிருப்பாங்க. வேலையில்லாதவனுக்கு உங்க தாத்தா பொண்ணு குடுத்திருப்பாரா? நல்லவேளை, நம்ம நொள்ளக்கண்ணு அதை..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்காமல் விடுகிறேன். குழாய் ஏற்கெனவே இறுகியிருந்தது. அதை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார்.

9

கதையின் தொடக்கத்தில், இது ஒரு பாட்டிலிலிருந்து வந்தது என்று சொன்னேன். இப்போது அதைத் திருத்த வேண்டும். நானே அந்த பாட்டிலிலிருந்துதான் வந்திருக்கிறேன். அவள் அதை எடுத்து மூன்றாவது பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கதைக்கு ஆள் இல்லை.

எனவே என்னை நம்பாதீர்கள். எனக்கு வியாழக்கிழமைதான் வேண்டும். ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கடந்துபோக விட்டாள் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கவனக்குறைவால் பிறந்தேன் என்று யார்தான் ஒரு மலரில் எழுதுவார்கள்?

யோசித்து வைத்த முடிவுகள்:

அ) அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் அழுகிறார். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. (பொய். அழுவார், ஆனால் கூப்பிடுவதை நிறுத்தமாட்டார். நிறுத்தினால் அத்தை "ஏன், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுப் பிடித்துவிடுவாள்.)

ஆ) 'காரணம் தெரியவில்லை' என்று போடுகிறேன். முதலாளியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தெரியலைன்னு போட்டா அப்புறம் எவன்மா நம்ம தண்ணியக் குடிப்பான்?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

இ) 'இயந்திரக் கோளாறால்.' அப்பாவுக்கு நல்லது; ஆனால் விளக்கில் உட்கார்ந்தவள் எப்படி விட்டாள் என்ற கேள்வி மறுபடி அவள் கண்ணிடம்தான் போகும்.

ஈ)

10

ஞாயிற்றுக்கிழமை பழைய ஊழியர்களைக் காட்சியறைக்கு அழைத்திருக்கிறார்கள். இது உண்மையிலேயே நடக்கிறது. நிகழ்காலத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தாண்டி நான் போகப்போவதில்லை.

காவலாளி விளக்கைப் போடுகிறார். "யாரு உக்காரறீங்க?" எல்லோரும் அத்தையைத் தள்ளுகிறார்கள். "அய்ய, போங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறாள். நெற்றி, தகரத்தின் தேய்ந்த இடத்தில் சரியாகப் போய்ப் பொருந்துகிறது. பெல்ட்டின் மறுமுனையில் பாட்டில்களை எடுத்து வைக்க அப்பா போய் நிற்கிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அது அவருடைய பக்கம்.

வைக்க வேண்டிய வரிசையில் ஏழாவது பாட்டில் காலி. வைத்தது நான். அதற்காக நீங்கள் என்னைத் திட்டலாம்.

ஒன்று, இரண்டு. மூன்றாவதைக் கையால் எடுத்துவிடுகிறாள். நாங்கள் குனிந்து பார்த்தும் எதுவும் தெரியவில்லை. "அடியில, நூல்" என்கிறாள். ஆமாம், மயிர் கனத்தில் ஒரு நூல். எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான்கு, ஐந்து, ஆறு.

அப்பா ஏழாவதைத் தூக்குகிறார். கை சட்டென்று மேலே போகிறது. நிற்கிறார். பாட்டிலைப் பார்க்கவில்லை, தங்கையின் முதுகைப் பார்க்கிறார். இந்நேரம் வழக்கமாக ஏதாவது சொல்லிக் கிண்டல் பண்ணியிருப்பார். இன்று, இரண்டு கையாலும், முழு பாட்டிலை வைப்பதைப் போல, அதை பெல்ட்டின் மேல் வைக்கிறார்.

அது விளக்கை நோக்கி வருகிறது.

நான் அத்தைக்குப் பின்னால் நிற்கிறேன். எனக்குத் தெரிவது அவளுடைய கொண்டையும், பெட்டிகளின் மேல் தயாராக இருக்கும் வலது கையும்தான். நீங்கள் எதிர்ப்பக்கம், வெளிச்சம் வரும் பக்கம் இருக்கிறீர்கள். அவள் கண்கள் உங்களுக்கு நேராகத் தெரியும். பாட்டிலும் தெரியும். கையை அசைத்தாளா இல்லையா என்பதை விடுங்கள்; அதை நானே பார்த்துக்கொள்வேன். பாட்டில் கடக்கும்போது அந்தக் கண் என்ன செய்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மலர் திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. வரியில் இடம் விட்டிருக்கிறேன்:

'இப்பாட்டில் ........................ பரிசோதனையைக் கடந்து, காலியாகவே விற்பனைக்குச் சென்றது.'

எழுதும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அத்தை இதைப் படிப்பாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கண்ணாடி போடாமல், அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும்.